பதினேழாம் வரிசை நீலக்குடை

போன வாரம் அக்காவை இஸ்திரிப்பெட்டியும் கையுமாக நிற்கவைத்துவிட்டு வந்தோம். விடிந்து பார்த்தால் அதே இடத்தில்தான் நிற்கிறாள். ஒரே உடுப்புக்கு மூன்றாவது தடவையாக இஸ்திரி. துணியில் இனி எடுக்க மடிப்பு எதுவும் பாக்கியில்லை. அவள் நெற்றியில் விழுந்திருந்த மடிப்பைத்தான் யாராவது எடுக்க வேண்டும்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அக்கா என்றால் தெரு முழுவதற்கும் அக்கா. வயது நாற்பத்தாறு. எச்.ஐ.வி. கிளினிக் ஒன்றில் களப்பணியாளர். மாத்திரை வாங்க வராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் போய், அக்கம்பக்கத்துக்குச் சந்தேகம் வராதபடி பேசி, திரும்பக் கூட்டிவருவது அவள் வேலை. கணவர் போய்ப் பதின்மூன்று வருடம். பதினொரு வருடமாகத் தம்பி வீட்டில் மகளோடு இருக்கிறாள். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவு.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கிருமி அவள் உடம்பிலும் இருக்கிறது. அலமாரியில் கால்சியம் என்று எழுதிய டப்பாவுக்குள் இருப்பது கால்சியம் இல்லை. வீட்டில் மகளுக்கு மட்டும் தெரியும். தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் அக்கா இதுவரை மூச்சுக்கூட விட்டதில்லை.

தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். நாத்தனார், நாத்தனார் மகள், கணவன் எல்லாருக்கும் டீச்சர். எண் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைக் கூட்டிப் பார்க்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது புதிதாக ஒரு பழக்கம் வேறு. காலையில் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறாள். கேட்டால், சர்க்கரை வந்துவிடாமல் இருக்க நடக்கிறாளாம். தம்பி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இன்றைக்கு டீச்சர் விடுப்பு எடுத்திருந்தாள். மகளும் கல்லூரிக்கு மட்டம். தம்பிக்கு மட்டும் விடுப்புக் கிடைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து உட்காரலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள்.

எதற்கு என்கிறீர்களா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி என்றால், மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்பவர்கள், இந்தப் பக்கம் பதில் சொல்பவர்கள். இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை மாற்றுவதற்காகவே ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. இத்தனை காலம் ஆராயப்பட்டே வந்தவர்களுக்கும், அக்காவைப்போல அவர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கும் ஆராயக் கற்றுக்கொடுப்பது. இந்த வருடம் எட்டுப் பேரை ஆறு மாதம் பழக்கினார்கள். அதில் மூன்று பேருக்கு இரண்டு வருட இடம், சொந்த ஆய்வு, சொந்தப் பெயரில். அந்த மூன்று பேர் யார் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு வழிகாட்டியாக வந்தவள் ஒரு டாக்டர். அக்காவைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவரின் மகள், இதே திட்டத்தில் முதல் வருடம் படித்துத் தேறியவள். களப்பணியாளர்கள் யாருடைய பெயரையும் எழுதிவைக்க மாட்டார்கள். முதல் தடவை பார்க்கும்போது கையில் என்ன இருந்ததோ அதுவே பட்டப்பெயர். டாக்டரின் கையில் அன்று இருந்தது அக்கா எழுதிய முதல் பக்கம், அதன்மேல் கொட்டிக் கிடந்த திருத்தங்கள். அக்காவின் நோட்டில் அவள் ‘சிவப்பு மை’ ஆனாள்.

சிவப்பு மைக்கு ஒரே பாட்டு. “தெரியும்னு எழுதாதீங்க அக்கா. எப்படித் தெரியும்னு எழுதுங்க.” ஆறு மாதத்தில் இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஆரம்பத்தில் அக்காவுக்குச் சுருக்கென்றிருந்தது. நேற்றுப் பிறந்தவள் நமக்குச் சொல்கிறாளே என்று மகளிடம் புலம்பவும் செய்தாள். பிறகு அவளே மகளிடம் அதைக் கேட்க ஆரம்பித்தாள். தோழி பொய் சொல்கிறாள் என்று மகள் வந்து நின்றால், எப்படித் தெரியும் என்பாள். வீட்டில் ஒருவரும் நிம்மதியாக வம்பு பேச முடியாமல் போயிற்று.

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் அக்காவின் ஆய்வு பிறந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பழைய கிளினிக் ஒன்று இருக்கிறது. எட்டு வருடத்தில் அங்கே தொடர்பு விட்டவர்கள் என்று பதிவேட்டில் ஏறியவர்கள் அறுபத்து மூன்று பேர். சிகிச்சையைத் தூக்கி எறிந்தவர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்களுக்கு அர்ச்சனை நடக்கும். அக்கா வேலை பார்ப்பது ஊரின் மறுகோடியில் இருக்கும் இரண்டாவது கிளினிக்கில். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று பதிவானவர்கள் பலரை அவளுக்கு முகம் தெரியும். அவர்கள் புதியவர்களே இல்லை. பழைய கிளினிக்கில் தொலைந்தவர்கள், வேறு பெயர் சொல்லி இங்கே வந்து நிற்கிறார்கள்.

ஏன் ஓடினார்கள்? பழைய கிளினிக்கின் வரிசை, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தபடி நிற்கிறது. ஊரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அதன் எதிரே வரிசையில் நிற்க யாருக்குத் துணிவு வரும்? இங்கே வந்து புது ஆள் என்று சேர்ந்தால் வேறு தொல்லை. முன்னால் என்ன மாத்திரை, எத்தனை வருடம் என்று டாக்டருக்குத் தெரியாது. எல்லாம் முதலிலிருந்து. அதில் சிலருக்கு உடம்பு கெட்டே போயிற்று.

அக்கா ஒவ்வொருவராகத் தேடிப்போனாள். பழைய கிளினிக் தந்த அட்டையை யாரும் தூக்கிப் போடவில்லை. ஷூவுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், சைக்கிள் சீட்டுக்கு அடியில் என்று ஒளித்து வைத்திருந்தார்கள். பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சம்மதப் படிவத்தில் பட்டப்பெயரை அவர்கள் கையாலேயே எழுதவைத்தாள். நாற்பத்தொரு பேர் தேறினார்கள். அட்டவணையைப் போட்டுத் தந்தது டீச்சர். மூன்று மாதம் சாயங்காலமெல்லாம் சமையலறை மேசையில் இருவரும் எண்ணினார்கள். டீச்சர் எண்ணுவாள், அக்கா டீ போடுவாள். ஒரே ஒரு நாள் மட்டும் டீச்சர் எழுந்து போய் டீ போட்டாள். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தாள்.

இனி இன்றைய கதை.

*

மருத்துவக் கல்லூரியின் கூடம் சின்னதுதான். நாற்பது நாற்காலி, ஒரு நீள மேசை, சுவரில் படம் காட்டும் திரை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத்தலைவி. இடப்பக்கம் ஒரு மூத்த டாக்டர், வந்ததிலிருந்து பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் புள்ளியியல் பேராசிரியர். அவரை அக்கா பார்த்த மாத்திரத்தில் மனதுக்குள் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வைத்துவிட்டாள். நிஜமாகவே கையில் ஒன்று வைத்திருந்தார்.

வழிகாட்டிகள் ஓரமாக உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சிவப்பு மை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் வாசலிலேயே அக்காவைப் பிடித்துக் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தாள். “அக்கா, உங்க கதையச் சொல்லி இடம் வாங்காதீங்க. உங்க கணக்கச் சொல்லி வாங்குங்க. கதைன்னா கை தட்டுவாங்க. கணக்குன்னாத்தான் கேட்பாங்க.”

அக்காவின் முறை நாலாவதாக வந்தது.  எழுந்து போய்ப் பேச ஆரம்பித்தாள். வரிசை, பேருந்து நிறுத்தம், அட்டைகள், அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் எப்படித் தெரியும் என்பதையும் கூடவே சொன்னாள். முதலில் அந்த வரிசையை உள் முற்றத்துக்கு மாற்ற வேண்டும், பிறகு பெயர் இல்லாமலே இரண்டு கிளினிக்கும் பழைய சிகிச்சை விவரத்தைப் பகிர ஒரு வழி செய்ய வேண்டும், அது பலிக்கிறதா என்று இரண்டு வருடம் பார்க்க வேண்டும் என்று முடித்தாள். மாத்திரை விடாமல் சாப்பிட்டு, கிருமி பரிசோதனையில் தட்டுப்படாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உடலுறவில் அது அடுத்தவருக்குப் போகாது. ஆகவே ஒரு வரிசையைத் திருப்புவதுகூடத் தடுப்பு வேலைதான் என்றாள். பேனா மூடி நின்றுவிட்டது. குழுத்தலைவி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பின் வரிசையில் மகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். டீச்சர் உதட்டை அசைத்து எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி மட்டும் தலை நிமிரவே இல்லை. சம்மதப் படிவங்களின் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“அட்டவணையில பதினேழாம் வரிசை. நீலக்குடைன்னு பேர் போட்டிருக்கு,” என்றார். “இதைக் கொஞ்சம் விளக்குங்க.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒவ்வொரு படிவத்திலும் கீழே இரண்டு கோடு இருக்கும். ஒன்று, ஆய்வை விளக்கிச் சொன்னவர் கையெழுத்து. இன்னொன்று, சம்மதம் தந்தவர் தன் கையால் எழுதும் பட்டப்பெயர். அக்கா இடது கைக்காரி. அவள் எழுதினால் மை காய்வதற்குள் கை அதன்மேல் ஏறிப் போகும், எழுத்து வலப்பக்கமாகத் தீற்றிக்கொள்ளும். நாற்பது படிவங்களில் முதல் கோடு மட்டும் அப்படித் தீற்றியிருந்தது. பதினேழாம் படிவத்தில் இரண்டு கோடும் தீற்றியிருந்தது.

பேராசிரியர் குரலை உயர்த்தவில்லை. “ரெண்டையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்காங்க. ஒரு படிவத்த நீங்களே நிரப்பிட்டீங்கன்னா மத்த நாற்பதையும் நான் எத வச்சு நம்புறது? எப்படித் தெரியும், இவங்க நிஜமாவே இருக்கிற ஆளுன்னு?”

 ஜன்னலோரம் சிவப்பு மை பாதி எழுந்துவிட்டு, விதி நினைவுக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. எத்தனையோ தடவை பார்த்த படிவம், அவள் கண்ணிலும் இது தப்பியிருந்தது.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. கிளினிக்கின் காலி அறை. கதவைச் சாத்திக்கொண்டு, எதிர் நாற்காலியில் ஆள் இருப்பதுபோல் நினைத்து, மூன்று பக்க விளக்கத் தாளை ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்தாள். கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று தன்னையே கேட்டாள். இல்லை என்று தானே சொன்னாள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். பிறகு இரண்டு கோட்டிலும் எழுதினாள். யாருக்கும் எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள் என்று சிவப்பு மை அடித்துச் சொல்லியிருந்தாள் அல்லவா, அதனால் தனக்கும் தாண்டவில்லை. கண்ணால் கண்டது நாற்பத்தொன்று என்றால் நாற்பது என்று எப்படி எழுதுவது என்று அன்றைக்குத் தோன்றியது. தனக்குத்தானே சம்மதம் வாங்குவது தப்பு என்று தோன்றவே இல்லை.

இப்போது தோன்றியது. ஆறு மாத உழைப்பு அந்த ஒரு தாளில் ஆட்டம் கண்டு நின்றது. அவள் உழைப்பு போனால் போகட்டும். ஷூவுக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டிய நாற்பது பேரும் பொய் என்றாகிவிடும். மறுபடியும் பொறுப்பில்லாதவர்கள் என்று பதிவேட்டுக்குள் போய்விடுவார்கள். அதைத் தடுக்க அவளிடம் ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் பின் வரிசை நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

குழுத்தலைவிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். இது கொஞ்சம் கனமான விஷயம், வேண்டுமானால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாம் என்று மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேர் எழுந்துகூட விட்டார்கள்.

“யாரும் எழுந்திரிக்க வேண்டாம்,” என்றாள் அக்கா. “ஏழு வருஷமா நான்தான் எழுந்து போயிட்டே இருந்தேன். இன்னைக்கு எல்லாரும் உட்காருங்க.”

கைப்பையின் உள்துணியில் ஒரு தையல் பிரிந்திருக்கும். அதற்குள் விரலை விட்டு இரண்டு அட்டைகளை எடுத்தாள். ஒன்று பழைய கிளினிக் அட்டை, மூலை மழுங்கி, அவள் சொந்தப் பெயரோடு. மற்றது இரண்டாவது கிளினிக் அட்டை, அங்கே வேலைக்குச் சேருமுன் வாங்கியது, யாருக்கும் இல்லாத ஒரு பெயரோடு. இரண்டையும் பேராசிரியரின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், மற்ற நாற்பது பேருக்கும் வைத்ததுபோலவே.

“நீலக்குடை நான்தான் சார். பழைய கிளினிக்ல தொலைஞ்சு போனவங்கள்ல ஒருத்தி. ரெண்டு கோட்டையும் நான்தான் எழுதினேன், ஏன்னா விளக்கிச் சொன்னதும் நான், கேட்டுக்கிட்டதும் நான். அது தப்பு, இப்பப் புரியுது. அந்த வரிசைய அடிச்சிடுங்க. ஆனா மத்த நாற்பது பேரும் இந்த மாதிரி ரெண்டு அட்டைய என் கையில கொடுத்தவங்க. எப்படித் தெரியும்னு கேட்டீங்க. இப்படித்தான் தெரியும்.”

பேராசிரியர் அட்டைகளைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. வெறும் கண்ணாலேயே பார்த்தார். அட்டை எண்களை அட்டவணையோடு ஒத்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் அவளிடம் திருப்பித் தந்தார். பிறகு பதினேழாம் வரிசைமேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். கீழே கூட்டலைத் திருத்தினார்.

“நாற்பது,” என்றார் பக்கத்தில் இருந்தவர்களிடம். “முடிவு மாறல. நிக்குது.”

அக்காவுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. மாறாகப் பசித்தது. காலையில் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவு வந்தது.

*

கூடத்துக்கு வெளியே நீள வராந்தா. ஒரு தண்ணீர்க் குழாய், அறிவிப்புப் பலகை, சுவரோரம் பெஞ்சு. நாலு மணிக்கு முடிவு என்றார்கள்.

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சிவப்பு மை வந்து, திட்டப் போவதுபோல் வாயைத் திறந்து, திட்டாமல் மூடிக்கொண்டாள். அந்தப் படிவத்தைத் தான் பார்த்திருக்க வேண்டும், தப்பு தன்னுடையதும்தான் என்றாள். இவ்வளவு நாளில் அவள் தன்னைத் திருத்திக்கொண்டு அக்கா பார்த்தது இதுதான் முதல் தடவை. கதையைச் சொல்லாதே என்றீர்களே, சொல்லிவிட்டேனே என்று அக்கா இழுத்தாள்.

“நீங்க கதை சொல்லல அக்கா,” என்றாள் சிவப்பு மை. “ஆதாரம் காட்டினீங்க.”

டீச்சர் மட்டும் தள்ளி நின்றாள். குழாயைத் திறந்து கை கழுவினாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.  பதினொரு வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவள். என்ன கேட்டாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மகளும் சிவப்பு மையும் நாசூக்காக அறிவிப்புப் பலகையைப் படிக்கப் போய்விட்டார்கள்.

டீச்சர் வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பதினேழாம் வரிசைய நான் நாலு தடவ எண்ணினேன் அண்ணி.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“பழைய கிளினிக்க விட்ட மாசத்தப் பார்த்தேன். அது எனக்கு மாற்றல் வந்த மாசம். அந்த பஸ் ஸ்டாப்புல நான் நிக்க ஆரம்பிச்ச மாசம். வேற யாருக்கும் அந்த மாசம் வரல. பேரும் நீலக்குடை, நம்ம வீட்டுக் குடை. நாலு தடவ எண்ணியும் அதுதான் வந்துச்சு. அப்புறம் எழுந்து போய் டீ போட்டேன். எத்தன ஸ்பூன் போட்டேன்னு எனக்கே தெரியல.”

 ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பழைய கிளினிக் வரிசையில் நின்றபோது, எதிரே பேருந்து நிறுத்தத்தில் டீச்சர் புதுப் பள்ளிக்கூடத்துப் பையோடு வந்து நின்றாள். அக்கா நீலக்குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, மழையே இல்லாத காலையில் குடைக்குள் ஒடுங்கி நடந்து போனவள்தான். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. பட்டப்பெயர் வந்த கதை அது.

“உன்னப் பார்த்துத்தான் ஓடினேன்,” என்றாள் அக்கா.

“தெரியும். நீங்களா சொல்ற வரைக்கும் நான் கேட்கக் கூடாதுன்னு இருந்தேன்.” டீச்சர் ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டாள். “ஆனா அந்த வரிசையில இன்னும் ஆள் நிக்கிறாங்கள்ல அண்ணி. அவங்களுக்கும் என்னை மாதிரி யாராவது எதிர்ல நிப்பாங்க. அதான் நான் இப்ப அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்துபோய் ஏறுறேன்.”

சர்க்கரைக்காக நடக்கிறாளாம்! வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்த சிரிப்பை நினைத்தபோது அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டீச்சரும் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அந்தக் கால்சியம் டப்பாவில் பெயரை மாற்றி எழுதிவிடலாம், நான் ஒருநாள் எடுத்துச் சாப்பிட இருந்தேன் என்றாள். இருவரும் அழுகையோடு சிரித்தார்கள். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை, அது அண்ணியின் விஷயம், அண்ணிதான் சொல்ல வேண்டும் என்றும் டீச்சர் சொன்னாள். இன்று சாயங்காலமே சொல்வதாக அக்கா ஒத்துக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நாலு மணிக்குக் குழுத்தலைவியே வெளியே வந்தாள். கையில் ஒற்றைத் தாள். மூன்று பேரைப் படித்தாள். முதலாவதாக அக்காவின் பெயர். பட்டப்பெயர் இல்லை, பொய்ப் பெயர் இல்லை. அப்பா வைத்த பெயர், முன்னெழுத்தோடு.

அந்தப் பெயரைச் சத்தமாக ஒருவர் படித்து, அதைக் கேட்டு ஒரு கூட்டம் கைதட்டி, அவள் எப்போது கேட்டாள்? மகள் போட்ட விசிலில் வராந்தா அதிர்ந்தது. ஆய்வாளர் என்று கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்றைத் தந்தார்கள். அக்காவின் மூன்றாவது அட்டை. இதைக் கைப்பைக்குள் ஒளிக்க வேண்டியதில்லை.

பேராசிரியர் போகிற போக்கில் நின்றார். இரண்டு வருடமும் கணக்குப் பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், இனிமேல் அக்கா தன்னிடமே சம்மதம் வாங்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அட்டவணை யார் போட்டது என்று கேட்டார். டீச்சரைக் காட்டினார்கள். பிழையே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். டீச்சரைத் தரையில் பிடித்து நிறுத்த மகளால் முடியவில்லை.

கிளம்பும்போதுதான் அது நடந்தது.

கூடத்தின் கதவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பின்னாலேயே வந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை அக்காவின் கையில் வைத்தாள். கூட்டத்தில் இருந்த ஒருவர் கொடுக்கச் சொன்னாராம். யார் என்று கேட்க வேண்டாம் என்றும் சொன்னாராம். சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பிரித்தால், உள்ளே ஒரு அட்டை. பழைய கிளினிக்கின் அட்டை. பெயர் இருந்த இடம் பேனாவால் அடித்து அடித்துக் கறுப்பாக்கப்பட்டிருந்தது. அட்டை எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. காகிதத்தில் இரண்டே வரி. ‘என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் கிளினிக்கின் பின்வாசலுக்கு வருகிறேன்.’

டீச்சர் எட்டி எண்ணைப் பார்த்தாள். அந்தப் பட்டியல் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். “அறுபத்து மூணுல இது ஒண்ணு,” என்றாள். “நமக்குக் கிடைக்காத இருபத்திரண்டுல இருக்கு அண்ணி.”

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மற்ற போட்டியாளர்கள், அவர்கள் வீட்டார், வழிகாட்டிகள், பேனா மூடி டாக்டர், நாற்காலி அடுக்குபவர்கள். ஒருவரும் இவர்கள் பக்கம் பார்க்கவில்லை. யாராகவும் இருக்கலாம்.

அக்கா பெஞ்சில் நோட்டை வைத்து, புதிய வரிசை ஒன்றைப் போட்டாள். பட்டப்பெயர் என்ற இடத்தில் ‘மடித்த காகிதம்’ என்று எழுதினாள். சம்மதம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, இதைச் சிவப்பு மைதான் வந்து கேட்டு வாங்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டாள். எழுத்து வழக்கம்போல வலப்பக்கம் தீற்றிக்கொண்டது.

“யாரும்மா அது?” என்று மகள் கேட்டாள்.

“தெரியல,” என்றாள் அக்கா, நோட்டை மூடியபடி. “ஆனா தொலையல.”